லாக் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

பகலில் மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது என் பிழைப்பு. குமரி மாவட்டம் தக்கலையில் சின்னக் கடை. சனி, ஞாயிறு மாலைகளில் அதே கடையின் மொட்டைமாடியில் பிள்ளைகளுக்கு லாக்கிங் என்னும் தெரு நடனம் ஆடச் சொல்லிக்கொடுக்கிறேன். கீழே வருகிறவர்களும் மேலே வருகிறவர்களும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "அண்ணே, சரியாக வரவில்லை." எது வரவில்லை என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான் போயிருக்கும். கொண்டுவந்தவரோ உள்ளே கம்பிச்சுருள் கருகிவிட்டது என்று நம்பி, புது மோட்டார் வாங்கவே மனத்தைத் தேற்றிக்கொண்டு வந்திருப்பார். ஆட்டத்திலும் அப்படித்தான். கை சரியில்லை என்று வருகிறவனுக்கு முழங்காலில் கோளாறு. தாளம் பிடிபடவில்லை என்று வருகிறவளுக்கு ஸ்பீக்கரில் கோளாறு.

அதனால் இதை அடவு வாரியாக எழுதாமல் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேரே போய்விடலாம். லாக்கிங் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் மட்டும் அடுத்த பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

எந்த மெஷின் என்று முதலில் தெரிந்துகொள்ள

வெளிநாட்டிலிருந்து வந்த தெரு நடனம் எதுவானாலும் நம் ஊரில் அதற்கு "பிரேக் டான்ஸ்" என்று ஒரே பெயர்தான். தலைகீழாகச் சுற்றினாலும் அதுதான், எந்திரம் போல் விறைத்தாலும் அதுதான். உண்மையில் அவை தனித்தனிக் குடும்பங்கள். தரையில் உருண்டு சுழலும் பிரேக்கிங் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. தசையை வெடுக்கென்று இறுக்கி விடும் பாப்பிங், கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்துச் சொத்து; பூகலூ சாம் என்பவர் 1977இல் தொடங்கிய குழுதான் அதை ஊருக்குக் காட்டியது. லாக்கிங் அதற்கும் மூத்தது, பிறந்த இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். பாப்பிங்கும் லாக்கிங்கும் ஃபங்க் இசைக்காகவே உருவான ஆட்டங்கள்.

லாக்கிங்கின் அடிப்படை இது. இரண்டு கைகளும் மணிக்கட்டு சுழன்றபடி தோளுக்கு மேலே ஏறும். இதற்கு ட்வர்ல் என்று பெயர். அங்கிருந்து கீழே விழுந்து, இடுப்புக்கு முன்னால், முழங்கைகள் வெளிப்பக்கம் வளைந்து, முஷ்டி மூடிச் சட்டென்று நிற்கும். முழங்கால் மடங்கியிருக்கும், உடம்பு சற்றே முன்னால் சாய்ந்திருக்கும், தலை மட்டும் நிமிர்ந்திருக்கும். அந்த நிற்றல்தான் லாக். அதுவும் ஓர் இமைப்பொழுதுதான். உடனே பூட்டு திறந்து அடுத்த அசைவு கிளம்பிவிட வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர் டான் கேம்பெல். 1970 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு தொழிற்கல்லூரியில் விளம்பர ஓவியம் படித்துக்கொண்டிருந்தவர். ஆடத் தெரியாது. நண்பர்கள் அப்போது பரவலாயிருந்த ஒரு கோழி ஆட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கையை ஓட்டமாக அசைக்க வேண்டிய இடத்தில் இவருக்கு அடுத்தது என்னவென்று மறந்து கை நின்றுபோனது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. சிரித்தவர்களை ஒவ்வொருவராக விரல் நீட்டிக் காட்டினார். சிரிப்பு இன்னும் ஏறியது. நின்றுபோன கை லாக் ஆனது, நீட்டிய விரல் பாயின்ட் ஆனது. இன்றுவரை லாக்கிங்கின் இரண்டு தூண்கள் இவைதாம். 1972இல் இந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார். நடனக் கலைஞர் டோனி பாசிலுடன் சேர்ந்து 'தி லாக்கர்ஸ்' குழுவை அமைத்தார். 2020 மார்ச்சில் காலமானார்.

பிழை நீக்க உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது கொஞ்சம் சங்கடமான வரலாறு. அன்றைக்கு யாராவது ஓர் அண்ணன் வந்து அவருடைய பிழையை நீக்கித் தொலைத்திருந்தால் இந்த ஆட்டமே இல்லை. ஆகவே என் மாடியில் எதையும் திருத்துவதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். செய்த தப்பை அடுத்த சுற்றில் அதே இடத்தில், அதே தாளத் தட்டில் மறுபடி செய்து காட்டு. முடிந்தால் அது உன்னுடைய சொத்து, நான் கைவைக்க மாட்டேன். முடியாவிட்டால் கோளாறு; கழற்றிப் பார்ப்போம்.

"லாக் போட்டால் நிற்கவில்லை, ஆடுகிறது"

வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான். கை கீழே வந்து நின்றபின் முஷ்டி இரண்டும் நடுங்கும், அல்லது ஊஞ்சல் போல ஒருமுறை முன்னும் பின்னும் போய்விட்டுத்தான் அடங்கும். எல்லாரும் உடனே செய்வது கையை இன்னும் இறுக்குவது. இறுக்க இறுக்க நடுக்கம் கூடும்.

முதலில் முழங்காலைப் பாருங்கள். கை மேலிருந்து வேகமாக விழுகிறது, அந்த வேகம் எங்காவது போய்ச் சேர வேண்டும். முழங்கால் மடங்கியிருந்தால் அது தொடை வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். கால் விறைத்திருந்தால் இறங்க வழியில்லாமல் திரும்பித் தோளுக்கே வரும். அதுதான் நடுக்கம். கண்டுபிடிப்பது எளிது: லாக் போடும் கணத்தில் யாராவது உங்கள் முழங்காலுக்குப் பின்னால் லேசாகத் தட்டட்டும். கால் மடிந்து நீங்கள் தடுமாறினால் கோளாறு அங்கேதான். இறுக்கமான ஜீன்ஸ் போட்டு வந்துவிட்டு முழங்கால் மடங்கவில்லை என்று சொல்கிறவர்களை நான் படியேறவே விடுவதில்லை. அந்தக் காலத்து லாக்கர்கள் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய தொளதொள கால்சட்டையும் பட்டை போட்ட நீளக் காலுறையும் போட்டது அழகுக்காகத்தான். ஆனாலும் அந்த உடையில் கால் தாராளமாக மடங்கும்.

முழங்கால் சரியாக இருந்தும் ஆடினால் கையின் வளைவைப் பாருங்கள். கை நேராகக் கீழே தொங்கினால் கடிகாரத்தின் ஊசல் போலத்தான் இருக்கும், ஆடாமல் என்ன செய்யும்? முழங்கை வெளியே வளைந்து, இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு பெரிய பலாப்பழம் அடங்குகிற அளவு இடம் வேண்டும்.

இதை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துத்தான் வாளிப் பயிற்சிக்கு வந்தேன். மாடியிலேயே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு வாளி, விளிம்பிலிருந்து நான்கு விரல் குறைய நிரப்பிக் கையில் கொடுத்து, மாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல்முறை போய்வந்தபோது கால்சட்டையின் இரண்டு பக்கமும் தொப்பலாக நனைந்திருந்தது. வாளி தொடையில் இடித்திருக்கிறது. "இடிக்காமல் கொண்டுவா, மக்களே" என்றேன். இரண்டாவது முறை அவனாகவே முழங்கையை வெளியே விரித்தான், முழங்காலைத் தளர்த்தினான், முதுகைச் சற்று முன்னால் சாய்த்தான். தண்ணீரின் மேல்மட்டம் அசைந்தது, சிந்தவில்லை. அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு வாளியை நானே கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வெறுங்கை அதே இடத்தில் நின்றது. அதுதான் லாக். ஒரு சொல் விளக்கம் தேவைப்படவில்லை. படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் அம்மா மட்டும், "வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எடுக்கச் சொன்னால் ஓடிவிடுவான் தம்பி, இங்கே வந்து வாளி வாளியாகச் சுமக்கிறான்" என்றார்.

மூன்றாவது காரணம் அரிது, ஆனால் கண்ணில் படாது. கை போதிய உயரம் போகாமலே இறங்குவது. மார்பு உயரத்திலிருந்து விழுகிற கைக்கு நிற்பதற்கான வேகமே கிடையாது, அது சும்மா ஓய்ந்து நிற்கும். ட்வர்ல் தோளைத் தாண்டி ஏறட்டும். கயிறு திரிப்பவர் கையைப் போல மணிக்கட்டு ஓயாமல் சுழல வேண்டும். மணிக்கட்டு சுழலாமல் கை மட்டும் ஏறினால் அது சரணடைகிறவன் கை தூக்குவது போலிருக்கும்.

"நிற்கிறது, ஆனால் கல்லுப் போல இருக்கிறது"

இது பெரும்பாலும் அடிமுறை என்னும் நம் ஊர்த் தற்காப்புக் கலை பழகியவர்களுக்கு வரும். ஆசானிடம் நான்கைந்து வருடம் படித்த பிள்ளைகளுக்குக் கால் நிலை பிரமாதமாக இருக்கும். தாழ்ந்து நிற்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் லாக் போட்டதும் எதிரே ஆள் வருகிறான் என்பது போல் தோளும் தாடையும் இறுகிவிடும். மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள். பூட்டு பூட்டியாயிற்று, சாவியைக் கிணற்றில் போட்டாயிற்று.

சோதனை: லாக் போட்ட கணத்தில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். குரல் திணறினால் மூச்சு அடைபட்டிருக்கிறது. சரிசெய்ய, லாக் விழும்போது "ஹா" என்று வாய்விட்டு மூச்சு விடுங்கள். லாக்கர்கள் ஆடும்போது கத்துவதும் கூவுவதும் வெறும் ஆர்ப்பாட்டமில்லை, உடம்புக்கு அதில் ஆதாயம் உண்டு.

இன்னொரு காரணம், பாப்பிங் வீடியோவும் லாக்கிங் வீடியோவும் கலந்து பார்ப்பது. பாப்பிங்கில் தசையை உள்ளேயிருந்து இறுக்கி அதிர வைக்கிறார்கள். லாக்கில் தசையை இறுக்கி நிறுத்துவது இல்லை. கை ஓடிவந்து ஓர் இடத்தில் பொருந்துகிறது. கதவு சாத்தும்போது நாதாங்கி விழுகிற சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

"பாட்டோடு சேரவில்லை"

இது ஓர் அறிகுறிதான், நோய் நான்கு. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

நீங்கள் முந்துகிறீர்களா, பிந்துகிறீர்களா? அதைச் சொல்லவே பலருக்குத் தெரியாது. போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்து, படத்தைப் பார்க்காமல் காலடிச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். மாடித் தரையில் கால் தட்டும் சத்தம் டிரம்முக்கு முன்னால் கேட்டால் முந்துகிறீர்கள்.

முந்துகிறவர்களை நான் முதலில் கேட்பது, "சிங்காரி மேளத்துக்குப் போகிறாயா?" பாதிப்பேர் ஆமாம் என்பார்கள். நம் மாவட்டத்தில் கோயில் கொடையானாலும் தேவாலயத் திருவிழாவானாலும் ஓண விழாவானாலும் செண்டை முழங்காமல் நடப்பதில்லை. அந்த மேளத்தின் உயிரே வேகம் ஏறுவதில் இருக்கிறது. மெல்லத் தொடங்கி, ஏறி, ஏறி, இலத்தாளம் பறக்கும்போது கூட்டமும் பறக்கும். அதில் ஊறிய உடம்பு எந்தத் தாளத்தையும் ஏற்றிக்கொண்டே போகப் பார்க்கும். ஃபங்க் ஏறாது. தொடங்கிய வேகத்திலேயே, கடைசிவரை, பிடிவாதமாக ஒரே இடத்தில் அரைத்துக்கொண்டிருக்கும். கிரைண்டர் போல. வேகம் ஏறினால் மாவு சூடாகிவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். மாவு விஷயத்தில் அது உண்மையும்கூட.

பிந்துகிறவர்களுக்கு வேறு காரணம். டிரம் அடித்ததைக் கேட்டபிறகு லாக் போடக் கிளம்புகிறார்கள். லாக் போய்ச்சேர வேண்டிய இடம்தான் தட்டு. கிளம்புவது அதற்கு முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். லாக்கிங் பாட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தட்டு வரை ஓடும். 110 என்று வைத்துக்கொண்டால் தட்டுக்குத் தட்டு அரை நொடிக்குச் சற்று அதிகம். முதல் தட்டில் கை மேலே, இரண்டாவது தட்டில் லாக், மூன்றில் மேலே, நான்கில் லாக் என்று பழகத் தொடங்குங்கள். அரை நொடி என்பது கை ஏறவும் இறங்கவும் தாராளமான நேரம். அவசரப்படுகிறவர்களுக்குத்தான் அது போதாது.

அடுத்து, எந்தத் தட்டு முக்கியம் என்று தெரியாமல் எல்லாத் தட்டிலும் ஒரே எடை போடுவது. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1960களின் பிற்பாதியில் தன் குழுவைக்கொண்டு ஃபங்கை வடித்தெடுத்தபோது செய்த பெரிய வேலை, நான்கு தட்டில் முதல் தட்டின்மேல் முழு எடையையும் இறக்கியது. அதை அவர்கள் "தி ஒன்" என்றே சொன்னார்கள். அதற்கு முந்தைய சோல் இசையில் இரண்டிலும் நான்கிலும்தான் கைதட்டு விழும். ஃபங்கில் எல்லா வாத்தியமும் ஒன்றில் வந்து கூடிவிட்டு, மறுபடி ஒன்று வரும்வரை ஆளுக்கொரு வழியில் சிதறும். சிதறும் இடத்தை எண்ண நமக்குப் புதிதாக ஒன்றும் கற்கத் தேவையில்லை. தட்டுக்கு ஒரு "தகதிமி" போடுங்கள். நான்கு தகதிமி, ஒரு சுற்று. முதல் "த" எங்கே விழுகிறதோ அங்கே ஒன்று. பேஸ் கிதார் பெரும்பாலும் அந்த "த"வில் கனமாக இறங்கிவிட்டு, பிறகு "தி"யிலும் "மி"யிலும் குறும்பு செய்யும். ஒரு பாட்டு முழுக்க வெறுமனே நடந்துகொண்டே இருங்கள், ஒன்றில் மட்டும் லாக் போடுங்கள். சலிப்பான வேலைதான். ஒரு வாரம் செய்தவர்கள் மறுபடி தாளம் கேட்டு என்னிடம் வந்ததில்லை.

நான்காவது காரணம் உங்களிடம் இல்லவே இல்லை: போன் ஸ்பீக்கர். பேஸ் கிதாரின் அடிக்கம்பி நொடிக்கு 41 அதிர்வு. போனில் இருக்கிற நகத்தளவு ஸ்பீக்கரால் அந்த ஆழத்தை எழுப்பவே முடியாது. ஃபங்கில் ஒன்றைச் சுமந்துகொண்டு வருவதே பேஸ்தான். அது காதில் விழாவிட்டால் நீங்கள் கேட்பது கிதாரின் கீறலும் சிம்பலின் சலசலப்பும் மட்டும். போனை எவர்சில்வர் குடத்துக்குள் போட்டால் சத்தம் கூடும் என்று ஒருவன் செய்து காட்டினான். கூடியது. பேஸ் வரவில்லை, பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலிருந்தது. புதுப் பாட்டை முதலில் காதுக்குள் வைக்கும் ஹெட்போனில் நான்கைந்து முறை கேளுங்கள். பேஸ் எங்கே இறங்குகிறது என்று மனத்தில் பதிந்துவிட்டால் பிறகு போனில் கேட்டாலும் காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

"மாடியில் சேருகிறது, மேடையில் சேரவில்லை"

போன ஓணத்துக்கு ஒரு மன்றத்தின் கலைநிகழ்ச்சியில் எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் ஆடினார்கள். மாடியில் ஒரே ஆள் போல நின்றவர்கள் மேடையில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் போல ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பயம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மேடையேறிக் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தபிறகுதான் விஷயம் தெரிந்தது.

மைக் செட்டின் பாக்ஸ் எல்லாம் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறது. மேடையில் இருக்கிறவனுக்கு முன்பக்கச் சத்தம் மழுங்கலாகத்தான் கேட்கிறது. தெளிவாகக் கேட்பது எதிரே இருந்த பள்ளிக்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிற சத்தம். சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். சுவர் 17 மீட்டர் தள்ளி இருந்தாலே போய்வர 34 மீட்டர், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். 110 வேகத்துப் பாட்டில் ஒரு தகதிமியின் ஒரு எழுத்து அதைவிடச் சற்றே நீளம், அவ்வளவுதான். பக்கத்துப் பாக்ஸைக் கேட்டவன் "த"வில் லாக் போட, சுவரைக் கேட்டவன் "க"வில் போட்டிருக்கிறான். இரண்டு பேர்மீதும் தப்பில்லை.

சரிசெய்ய ஒன்றே வழி. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே போய், மைக் செட் அண்ணனிடம் பணிவாகப் பேசி, ஒரு சின்ன பாக்ஸையாவது மேடைப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் வேலை நடக்கும். நடக்காவிட்டால், முன்னால் நிற்கிற ஒருவரைத் தேர்ந்துகொண்டு மற்றவர்கள் காதை மறந்துவிட்டு அவர் தோளைப் பார்த்து ஆடுங்கள். எல்லாரும் சேர்ந்து பிந்தினால் கூட்டத்துக்குத் தெரியாது.

"பாயின்ட் குத்துவது போலில்லை, வழி காட்டுவது போலிருக்கிறது"

கையை முதலில் உள்ளே இழுக்கவில்லை. வில்லை வளைக்காமல் அம்பு போகாது. விரல் போவதற்கு முன் கை எதிர்த்தோள் பக்கம் மடங்கி வரட்டும், பிறகு ஒரே கோட்டில் பாயட்டும், பாய்ந்த இடத்தில் நிற்கட்டும். கண் விரலோடு போக வேண்டும். பொதுவாக வானத்தைக் காட்டாமல் ஏதாவது ஒரு பொருளைக் காட்டுங்கள். எங்கள் மாடியிலிருந்து ஒரு தென்னை தெரியும், அதன் மூன்றாவது குலையைக் காட்டு என்பேன். குறி இருந்தால் கை தானே நேராகும்.

"வீடியோ பார்த்துக் கற்றேன், எல்லாம் இடம் வலம் மாறிவிட்டது"

சிலர் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டு வெளியிடுகிறார்கள், சிலர் அப்படியே போடுகிறார்கள். சட்டையில் எழுத்து இருந்தால் அது நேராக இருக்கிறதா என்று பாருங்கள். லாக்கிங்கில் இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இதற்காக அழவேண்டியதில்லை.

"முழங்கால் வலிக்கிறது"

இங்கே நான் விளையாட்டாக எழுதப்போவதில்லை. லாக்கிங்கில் 'நீ டிராப்', அதாவது முழங்காலில் விழுவது, என்று ஒன்று உண்டு: நின்ற நிலையிலிருந்து இரண்டு முழங்கால்களும் உள்நோக்கி மடிந்து, பாதங்கள் இரண்டு பக்கமும் விரிய, பொத்தென்று தரையில் இறங்கி உடனே எழுவது. பார்க்கிறவர்கள் விசிலடிப்பார்கள். வீடியோவில் பார்த்துவிட்டு முதல் நாளே இதைச் செய்ய வருகிறவர்கள் உண்டு. முழங்காலின் உட்பக்கத் தசைநாருக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. ஒரு வருடமாவது அடிப்படை ஆடி, தொடை உறுதிப்பட்டு, கையூன்றி மெதுவாக இறங்கி மெதுவாக எழ முடிகிறவரை அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கெஞ்சினாலும் இல்லை.

நீ டிராப் செய்யாமலே வலித்தால் தரையைப் பாருங்கள். ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கத்திலிருந்து வருகிற ஒருவன் முழங்கால் பத்திரம் என்று வீட்டிலிருந்து இரண்டு ரப்பர் ஷீட் கொண்டுவந்து விரித்தான். புகைபோட்ட ஷீட்டின் வாடையில் மாடியே கிறங்கியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ஷீட் செருப்பின் அடியை அப்படியே பிடித்துக்கொண்டது. உடம்பு திரும்புகிறது, பாதம் திரும்பவில்லை; நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கப்பட்டது முழங்கால். மெத்தென்று இருப்பதைவிடப் பாதம் வழுக்கித் திரும்புவதுதான் முக்கியம். அடி தேய்ந்த கேன்வாஸ் ஷூவும் வழவழப்பான சிமென்ட் தரையும் போதும்.

வழுக்கல் அளவு மீறினாலும் ஆபத்துதான். நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம், ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மாடியில் பாசி காய்வதே இல்லை. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டபிறகு ஆடுங்கள்.

வீக்கம், படியிறங்கும்போது குத்து, முழங்கால் பாதியில் சிக்கிக்கொள்வது, இதில் எது இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் வராதீர்கள்.

"எல்லா அடியும் தெரியும், ஆட வரவில்லை"

ஸ்கீட்டர் ராபிட், ஸ்கூபி டூ, லியோ வாக், ஆல்ஃபா என்று பெயர்ப்பட்டியல் ஒப்பிப்பார்கள். ஒவ்வொன்றும் சுத்தமாக இருக்கும். பாட்டுப் போட்டால் முழிப்பார்கள்.

இந்தப் பெயர்கள் எல்லாம் ஆட்களின் பெயர்கள். ஸ்கீட்டர் ராபிட் என்ற அடி அதே பட்டப்பெயர் கொண்ட ஜேம்ஸ் ஹிக்கின்ஸுடையது. ஸ்கூபி டூ, ஜிம்மி ஃபாஸ்டருடையது. லியோ வாக், லாக்கர்ஸ் குழுவில் இருந்த லியோ வில்லியம்சனுடையது. ஒவ்வொருவரும் தன் உடம்புக்கு வந்ததைச் செய்தார்கள், மற்றவர்கள் அதைப் பார்த்து, "அவன் அடி" என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். தெருப்பெயரே ஆள் பெயராக இருக்கிற ஊர் மாதிரி. பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு முகவரி எல்லாம் தெரியும், யார் வீட்டுக்கும் போனதில்லை.

மருந்து: பட்டியலில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு முழுக்க அந்த இரண்டும், லாக்கும், பாயின்ட்டும், நடையும் மட்டும். மூன்றாவது நிமிடத்தில் சலிப்புத் தாங்காமல் உடம்பு ஏதோ ஒன்றைத் தானாகச் செய்யும். பெரும்பாலும் தப்பாக. அப்போது மேலே சொன்ன சோதனையை வையுங்கள்: அதே தப்பு, அதே தட்டு, இன்னொரு முறை. எங்கள் மாடியில் ஒருத்தி லாக் போட்டு எழும்போது நழுவுகிற துப்பட்டாவைத் தோளில் எடுத்துப் போடுவாள். முதலில் எரிச்சலாக இருந்தது, ஊக்கு குத்தி வரச் சொன்னேன். அவள் ஊக்கு குத்தாமல் அதையே நான்காவது தட்டில் கச்சிதமாக வைத்து ஆடினாள். இப்போது துப்பட்டா இல்லாத பையன்களும் அதைச் செய்கிறார்கள். அவள் பெயரால்தான் அந்த அடியை அழைக்கிறோம்.

"கூச்சமாக இருக்கிறது"

இரண்டு பேராக எதிரெதிரே நில்லுங்கள். ஒருவர் ஏதாவது செய்ய வேண்டும், மற்றவர் விரல் நீட்டிச் சிரிக்க வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். கேம்பெல் செய்தது இதைத்தான். முறைத்துக்கொண்டு ஆடினால் லாக்கிங் இல்லை. உடன் ஆடுகிறவரின் உள்ளங்கையிலோ பார்க்கிறவரின் உள்ளங்கையிலோ ஓர் அடி தட்டிவிட்டுப் போவதற்கே இதில் தனி அடவு இருக்கிறது. பத்து நிமிடத்தில் கூச்சம் போகாவிட்டால் அடுத்த வாரம் வாருங்கள்.

"கரன்ட் போய்விட்டது"

மழைக்காலத்தில் அடிக்கடி நேரும் கோளாறு. ஸ்பீக்கரின் பேட்டரியில் சார்ஜ் இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் ஒருவர் வாயால் தகதிமி, ஒருவர் காலி வாளியைக் கவிழ்த்து ஒன்றில் மட்டும் ஓர் அடி, மற்றவர்கள் ஆட்டம். இருட்டில் கண்ணாடியும் போனும் பார்க்க முடியாதென்பதால் லாக் அன்றைக்குத்தான் நன்றாக நிற்கும்.

ஒரே ஒரு சங்கடம்: வாளிப் பயிற்சிக்குத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவையுங்கள். கரன்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது. அதை என்னாலும் சரிசெய்ய முடியாது.